மேற்கெல்லை

தறி ஓட்டிப் பிழைத்த கொண்டப்பன் தன் வீட்டைத் தரகர் இல்லாமல் தானே விற்கப் போனான். மனைவி செத்தபின் அந்த வீட்டில் அவனால் இருக்க முடியவில்லை. ஒரு வாத்தியார் நல்ல விலைக்குக் கேட்டிருந்தார். பத்திர எழுத்தரிடம் ஒப்பந்தம் எழுதப் போன இடத்தில், பக்கத்து அரிசி ஆலை முதலாளி திருவேங்கடம் வந்து குறுக்கே நின்றார்.

"பாதி விலைக்கு எனக்குத் தர்றேன்னு டீக்கடையில சொன்னியேடா? வாக்கு மாறுறியா?"

அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. ஆனால் அவரை எதிர்த்துச் சாட்சி சொல்ல அந்த ஊரில் ஆள் ஏது?

"சொன்னதாவே இருக்கட்டும் மொதலாளி. ஆனா வீட்டு விஷயம் எழுத்துல இருக்கணுமாம். நாலு எல்லையும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமாம். நான் படிக்காதவன், எல்லையை நீங்களே சொல்லுங்க."

முதலாளி கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "வடக்கே தெரு, தெற்கே வாய்க்கால், கிழக்கே மாரப்பன் வீடு, மேற்கே என் ஆலை."

பத்திர எழுத்தர் வீட்டின் பழைய பத்திரத்தைப் பார்த்துப் பேனாவை நிறுத்தினார். "மேற்கே பத்தடி பொதுச்சந்துன்னு இதுல இருக்குதுங்களே?"

"மொதலாளி சொன்னபடியே எழுதுங்க," என்றான் கொண்டப்பன். "கீழே அவர் கையெழுத்துப் போடட்டும். சந்து எங்கே போச்சுன்னு தாலுகா ஆபீஸ்ல கேட்டா, காட்ட எனக்கு ஒரு நகல் போதும்."

முதலாளி துண்டை உதறி எழுந்தார். "யாருக்குடா வேணும் உன் குட்டிச்சுவரு!"

வாத்தியாருக்கே வீடு போனது. பத்திரத்தில் மேற்கே பொதுச்சந்து என்றே எழுதினார்கள். மண்ணில் அந்தச் சந்தின் மேல் ஆலைச்சுவர்தான் நின்றது. சந்து அடைபட்டதால் மனைவியின் பாடையைத் தூக்கிப்போன அதே சுற்றுவழியில், கொண்டப்பன் மூட்டையோடு பஸ்ஸுக்கு நடந்தான்.