நூறு ஆளுக்குச் சமமான ஐவர்

ஏரித் தலைவர் பதவிக்கு இரண்டு அணிகள் போட்டியிடும். ஒவ்வோர் அணியும் கூடி, தலைகளை எண்ணி, தன் வேட்பாளரை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். இது கோப்பெருமாள் மன்னன் வகுத்த சட்டம்; எப்படி எண்ணுவது என்ற விதி மட்டும் அணியின் கையில்.

வடகரை அணி ஐந்து பெரியவர்களின் பிடியில் இருந்தது. ஏரித் தண்ணீரும் அவர்கள் வயலுக்கே பாய்ந்தது. அந்த ஆண்டு கூட்டம் மெலிந்துவிட்டது. உடனே உப்பு வண்டி ஓட்டும் விருமனின் நினைவு வந்தது அவர்களுக்கு. "தம்பி, இது உன் அணியப்பா. ஆள் சேர்த்துக் கொடு" என்று தோளைத் தட்டினார்கள்.

ஏரித் தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடைக்காரர்கள் அவன் பின்னால் திரண்டு வந்தார்கள். விருமன் சும்மா இருப்பானா? தானே போட்டியில் நின்றான். "தண்ணீர் முதலில் கடைமடைக்கு" என்றான். பெரியவர்களுக்கு வயிறு எரிந்தது.

தேர்வு நாளில் விருமனுக்காக முந்நூறு பேர் எழுந்து நின்றார்கள். பெரியவர்களின் கையாள் நம்பிக்கு நாற்பது பேர்.

"பொறு" என்றார் மூத்தவர் அழகப்பர். "பெரியவர் ஒருவர் நூறு ஆளுக்குச் சமம். நாங்கள் ஐவரும் நம்பியின் பக்கம்."

"இந்த விதி எப்போது வந்தது ஐயா?" என்றான் விருமன்.

"இப்போதுதான். நேற்று வந்தவனுக்கு எங்கள் மரபு என்ன தெரியும்?"

விருமன் அரசவைக்கு ஓடினான். மன்னன் கையை விரித்தான். "அணியின் விதியில் நான் எப்படிக் கை வைப்பது? மருதா, விதியை உடைக்காமல் வழி உண்டா?"

அவையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போனவன் மருதன். "உடைப்பானேன் மன்னா? வடகரை முழுவதும் எல்லாக் காரியத்துக்கும் இந்த விதியே செல்லும் என்று முரசறையுங்கள்."

பெரியவர்கள் மகிழ்ந்து மருதனுக்கு மாலையே போட்டார்கள்.

மழைக்காலம் நெருங்கியது. ஏரிக்கரைக்கு மண் போட வடகரையின் பங்கு ஐந்நூறு ஆள். விடிந்ததும் ஐந்து மண்கூடைகளோடு அழகப்பர் வாசலில் நின்றான் மருதன்.

"கிளம்புங்கள் ஐயா. நீங்கள் ஐவர் போதும். மற்றவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்."

"என்னப்பா விளையாட்டு இது?"

"விளையாட்டா? முரசறைந்த விதி ஐயா!"

பட்டு வேட்டிகள் சேற்றில் புரண்டன. கடைமடைப் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். "நூறு ஆள் தூக்குற கூடையாடி இது? பாதிகூட நிறையலையே!" என்றாள் ஒருத்தி.

உச்சி வெயிலில் மன்னன் வந்தான். அழகப்பர் அவன் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மன்னா, நாங்கள் நூறு ஆள் இல்லை. ஒவ்வொருவரும் ஓர் ஆள்தான்!"

"ஐவருமா?"

"ஐவரும்தான்!"

மன்னன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "அப்படியானால் நம்பிக்கு நாற்பத்தைந்து. விருமனே வேட்பாளன்!" தன் முத்துமாலையைக் கழற்றி மருதனுக்கு அணிவித்தான்.

விருமனின் ஆட்கள் மண்வெட்டியோடு கரையில் இறங்கினார்கள். பெரியவர்கள் கூடைகளைப் போட்டுவிட்டு நழுவப் பார்த்தார்கள். மருதன் வழியை மறித்தான்.

"எங்கே கிளம்பிவிட்டீர்கள்? அந்த ஓர் ஆள் வேலையையாவது முடித்துவிட்டுப் போங்கள்!"