முதல் சவாரி

மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் முதலாளி சிதம்பரநாதரிடம் இரண்டு கார்கள் இருந்தன. புதியதில் அவர் போவார். பழையது நோயுற்ற தொழிலாளரை மலையடிவார மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லும். சென்ற ஆண்டு அதில் மாட்டியிருந்த பழைய பிரேக் பிடிக்காமல், வளைவில் கார் சரிந்தது. பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருந்த செங்கமலம் இறந்தாள். காரை ஓட்டியவன் அவள் கணவன் இருளாண்டி.

இவ்வாண்டும் பிரேக் தேய்ந்தது. இருளாண்டி புதியது கேட்டான்.

“காயலான் கடையில கழட்டினதை வாங்கி மாட்டுடா. மலை இறங்கிப் பழகினது. புதுசைவிட அதுதான் உசத்தி!” என்றார் முதலாளி.

“சரிங்க ஐயா” என்று மாட்டினான்.

மறுநாள் ஆயுத பூஜை. கார்களுக்கு மாலையிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூஜை முடிந்ததும் முதலாளி ஏறி அடிவாரக் கோயில்வரை முதல் சவாரி போவது தோட்டத்து வழக்கம். இருளாண்டி பழைய காரின் கதவைத் திறந்து பணிவாக நின்றான்.

“உசத்தியான பிரேக்குங்க. ஐயா ஏறணும்.”

தொழிலாளர் அனைவரும் பார்த்திருந்தனர். முதலாளியின் கால் கதவருகே நின்றுவிட்டது.

“நான்... புதுக் கார்ல வர்றேன்.”

“செங்கமலமும் இப்படித்தாங்க தயங்கினா. பிரேக் நல்லாருக்குன்னு நீங்க சொன்னீங்க, நான் ஏத்திட்டேன்.”

முதலாளி தலை கவிழ்ந்தார்.

மறுவாரமே புதிய பிரேக் வந்தது. அதை மாட்டி, இருளாண்டி தனியே மலையிறங்கினான். அந்த வளைவில் மிதித்தான்; கார் உடனே நின்றது. நின்ற காரைவிட்டு அவன் நெடுநேரம் இறங்கவில்லை.