உப்புக்குப் பூட்டு

உப்பளங்கள் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்று இருந்தது. அதன் சன்னல்களுக்கு வெளியே உப்பு அம்பாரங்கள் வரிசையாக நின்றன. வெயில் சாயும்போது பார்த்தால், மேகங்களை இறக்கி அடுக்கி வைத்தது போலிருக்கும். அவற்றுக்குக் காவல் கிடையாது. பனையோலை போர்த்தியிருப்பார்கள், அவ்வளவுதான்.

உள்ளே, பூட்டிய அலமாரியில், மூடிய கண்ணாடிச் சாடிக்குள் ஒரு சிறிய புட்டி இருந்தது. அதில் இருந்ததும் உப்புதான்.

கூடத்தின் பொறுப்பாளர் ஜெசிந்தா. அவரிடம் வேலை பழக வந்தவர் கனிப்பாண்டி. பள்ளிக்கூடத்தில் இருபது ஆண்டு வேதியியல் நடத்தியவர். மாணவருக்கு ஆசிரியையைவிடப் பத்து வயது கூடுதல். கனிப்பாண்டி "மேடம்" என்பார். ஜெசிந்தா "அண்ணாச்சி" என்பார்.

முதல் நாளே கனிப்பாண்டி சிரித்துவிட்டார்.

"உப்புக்கா மேடம் பூட்டு?"

"ஆமா."

"வெளிய மலை மலையாக் கெடக்கு. அதுமேல நாய் ஏறிப் படுத்திருக்கு."

"படுத்திருக்கட்டும்."

கனிப்பாண்டி புட்டியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

"ருசி எப்படி, அண்ணாச்சி?"

"உப்பு."

"பக்கத்துப் புட்டியிலயும் வெள்ளைப் பொடிதான் இருக்கு. அதையும் நக்கிப் பாருங்க. நான் ஆம்புலன்சுக்குச் சொல்லி வைக்கேன்."

கனிப்பாண்டி போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"கேலி இருக்கட்டும் மேடம். இது யாரையும் கொல்லாத பொருள். கையில பட்டா கழுவிக்கலாம். தரையில கொட்டினா துடைச்சு எடுத்துரலாம். யாருகிட்ட இருந்து யாரைக் காப்பாத்துதோம்?"

ஜெசிந்தா அந்தப் புட்டியை ஓரமாக எடுத்து வைத்தார். முத்திரை பிரிக்காத வேறொரு புட்டியை எடுத்துக் கண்ணாடிச் சாடிக்குள் நிறுத்தினார். சாடியின் அடியில் ஈரம் உறிஞ்சும் நீல மணிகள் கிடந்தன. கனத்த மூடியை மெல்ல நகர்த்திச் சாடியை மூடினார்.

"இந்த மணி நீலமா இருக்கானு மட்டும் பாத்துக்கோங்க" என்றார்.

அந்தப் பொடிதான் அங்கே அளவுகோல். அதை நிறுத்துக் கரைத்து, வெள்ளி நைட்ரேட் கரைசலின் வலிமையைக் கணக்கிடுவார்கள். அந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கிணற்று நீரில் எவ்வளவு உப்பு என்று அளப்பார்கள். எல்லையைத் தாண்டினால் கிணற்றின் மேல் பலகை அடித்து மூடிவிடுவார்கள்.

அடுத்த வாரம் ஜெசிந்தா வெளியூர் போனார். சாவி கனிப்பாண்டியிடம் வந்தது.

பூட்டைத் திறப்பது, சாடியைத் திறப்பது, புட்டியைத் திறப்பது, பிறகு மூன்றையும் மூடுவது. இரண்டாம் நாள் அவருக்கு அலுத்துவிட்டது. அவர் வீட்டில் உப்பு மரவை என்கிற மரக்கிண்ணம் அடுப்படியில் திறந்தே இருக்கும். புட்டியைச் சன்னலோர மேசைக்குக் கொண்டுவந்தார். மூடியைப் பக்கத்தில் வைத்தார். கடல் காற்று வீட்டு ஆள் மாதிரி உள்ளே வந்து, போய், மறுபடி வந்தது. திறந்து கிடந்த சாடியில் மணிகள் ரோஸ் நிறமாகின. அதுவும் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கீழக்காட்டிலிருந்து ஒருவர் கேனில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். கனிப்பாண்டி அளந்தார். எல்லையைக் கொஞ்சம்போலத் தாண்டியிருந்தது.

"தேறலை, ஐயா."

அந்த ஆள் காலிக் கேனை எடுத்துக்கொண்டு அம்பாரங்களுக்கு நடுவே நடந்து போனார். வெண்மைக்குள் அவருடைய வேட்டி எங்கே முடிந்தது என்று தெரியவில்லை.

ஜெசிந்தா திரும்பிய அன்று காலையில் கனிப்பாண்டியின் தங்கை சண்முகக்கனி வந்தாள். இடுப்பில் குடம்.

"அண்ணே, நம்ம தோப்புக் கிணறு. பஞ்சாயத்துல சோதிச்சுட்டு வரச் சொல்லிட்டாவ."

"சின்னப் பாட்டில் போதுமே. எதுக்குக் குடம்?"

"மிச்சத்தை நீ குடி. ஊரு தண்ணி குடிச்சு எத்தனை நாளாச்சு? இது இல்லைன்னா நாங்க ரயில் கேட்டு தாண்டித்தான் போவணும், பாத்துக்கோ."

அவள் வாசல் வேம்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

கனிப்பாண்டி அளந்தார். நிறங்காட்டி விட்ட மஞ்சள் நீர் செங்கல் நிறத்துக்குத் திரும்பியது. கணக்குப் போட்டார். எல்லையைக் கொஞ்சம்போலத் தாண்டியிருந்தது. மறுபடி அளந்தார். அதேதான்.

வெகுநேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, திறந்திருந்த புட்டியைப் பார்த்தார்.

"மேடம், இந்தப் பொடி ஈரம் இழுத்திருக்குமோ?"

"எப்பத்துல இருந்து அப்படித் தோணுது?"

"இப்பத்தான்."

"பதிவேட்டுல கீழக்காடுன்னு இருக்கே, அதை அளந்தப்ப தோணலையா?"

கனிப்பாண்டி புட்டியின் மூடியைக் கையில் எடுத்தார்.

"அந்த ஆளுகிட்ட என்ன சொன்னீங்க?"

"தேறலைன்னு சொன்னேன்."

"எத்தனை தடவை அளந்தீங்க?"

"ஒரு தடவை."

ஜெசிந்தா எழுந்து வந்து புட்டியிலிருந்து கொஞ்சம் பொடியைக் கிண்ணத்தில் நிறுத்து எடுத்தார். சூட்டு அடுப்பில் வைத்துக் கதவைச் சாத்தினார். ரோஸ் மணிகளையும் ஒரு தட்டில் பரப்பிப் பக்கத்தில் வைத்தார்.

"காயட்டும்" என்றார்.

அடுப்பு மெல்லிய குரலில் முனகிக்கொண்டிருந்தது. வெளியே உப்பளத்துப் பாத்திகளில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. கனிப்பாண்டிக்குக் கண் சொக்கியது. அறைக்குள் ஒரு கிணறு வந்து நின்றது. அதன் மேல் பலகை அடித்திருந்தது. பலகைக்கு அடியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். எந்த ஊர்க் குரல் என்று பிடிபடவில்லை. தன் ஊர்தானா என்று குனிந்து காது கொடுத்தார். குரல் நின்றுவிட்டது.

விழித்தபோது மணிகள் மறுபடி நீலமாகியிருந்தன. பொடி சாடிக்குள் ஆறிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா கிண்ணத்தைத் தராசில் வைத்தார். எடை குறைந்திருந்தது. அதிகமில்லை. இத்தனை நாளும் அந்த ஈரம் உப்பு என்ற பெயரில் நிறுவையில் ஏறி, கணக்கின் முடிவில் கிணறுகளின் தலையில் கூடுதல் உப்பாக விழுந்திருந்தது.

"அப்ப கிணறு தேறிரும்" என்றார் கனிப்பாண்டி.

"தேறலாம். தேறாமலும் போகலாம். அளக்கணும்."

காய்ந்த பொடியை நிறுத்து, கரைசலின் வலிமையைப் புதிதாகக் கணக்கிட்டார்கள். இந்த முறை கனிப்பாண்டி ஒவ்வொரு தடவையும் சாடியை மூடினார். யாரும் சொல்லவில்லை.

வாசலிலிருந்து சண்முகக்கனி எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, தண்ணியை அளக்கச் சொன்னா உப்பை வறுத்துட்டு இருக்க?"

"கொஞ்சம் பொறு, தாயி."

"நான் பொறுப்பேன். மாடு பொறுக்குமா? காலையில இருந்து கட்டிப் போட்டிருக்கு."

அவள் திரும்பப் போய் உட்கார்ந்தாள்.

ஜெசிந்தா அலமாரியைத் திறந்து, அன்று அளந்தது போக எடுத்து வைத்திருந்த கீழக்காட்டுத் தண்ணீரையும் மேசைமேல் வைத்தார். இரண்டு பாட்டில்கள். இரண்டிலும் ஊர்ப் பெயர் ஒட்டியிருந்தது. கனிப்பாண்டியின் கை தோப்புக் கிணற்றுப் பாட்டிலுக்குப் போனது.

"இருங்க, அண்ணாச்சி."

ஜெசிந்தா இரண்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரே மாதிரி இரண்டு குடுவைகள் இருந்தன. ஒன்றின் அடியில் ஒரு கோடு. மற்றதன் அடியில் இரண்டு கோடு. வேறு எழுத்து எதுவும் இல்லை.

கனிப்பாண்டி இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரண்டுக்குள்ளும் சன்னல் தெரிந்தது. சன்னலுக்குள் அம்பாரங்கள் தலைகீழாகத் தெரிந்தன.

"இதுல எது மேடம் எங்க ஊருத் தண்ணி?"

"கிணத்துத் தண்ணி, அண்ணாச்சி. ஊத்துங்க."