ஏழு கட்டடங்களுக்கு ஒரு பம்பு அறை

"இந்தத் தடவையும் ஏன் மேடம் கையெழுத்துப் போடல?" என்று கேட்டார் எபனேசர்.

துளசிமணி வரைபடத்தைச் சுருட்டி அவரிடமே நீட்டினார். மூன்றாவது முறை. திருத்தம் என்று ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.

எபனேசருக்கு ஐம்பத்து மூன்று வயது. துளசிமணிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் துளசிமணிதான் குரு.

இருபத்தாறு வருடம் எபனேசர் சுவரைக் கொத்திக் குழாய் பதித்தார், வயர் இழுத்தார். படத்தில் பெயர் மட்டும் வேறு யாருடையதோ. உழைத்தவன் பெயரைக் கல்லில் வெட்டும் வழக்கம் இங்கே என்றைக்கு இருந்தது? மாலை வகுப்பில் படித்து, பட்டயம் வாங்கி, துளசிமணியிடம் வேலைக்குச் சேர்ந்து, தன் பெயரில் வரைந்த முதல் படம் இது.

திருநெல்வேலிக்கு வெளியே வரப்போகும் விளையாட்டு வளாகம். ஏழு கட்டடங்கள். நாளைக்குள் கையெழுத்து விழாவிட்டால் வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும்.

"என்ன தப்புன்னு சொன்னா திருத்துவேன்."

"படத்தைப் படிச்சுக் காட்டுங்க, அண்ணாச்சி."

படித்தார். நீச்சல் குளத்துத் தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் சுத்தமாகித் திரும்பும் என்று சொன்னார். இறகுப்பந்து அரங்கில் குளிர்காற்று பந்தைத் தள்ளிவிடாமல் ஓரமாக இறங்கும் என்றார். மின்சாரம் போனால் ஓடுதளத்து விளக்கு எத்தனை நொடியில் எரியும் என்பதையும் விடவில்லை. ஏழு கட்டடத்து நரம்புகளும் வந்து சேர்வது பார்வையாளர் மாடத்துக்குக் கீழே ஒரே பம்பு அறையில்.

"பம்பு எதுக்கு மூணு?"

"ரெண்டு ஓடும், ஒண்ணு ஓய்வில இருக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் முறை மாறும். இரும்புக்கும் களைப்பு உண்டு, மேடம்."

"ஜெனரேட்டருக்கு?"

"மூச்சு முட்டாம ரெண்டு பக்கமும் காத்துக்கு வழி விட்டிருக்கேன்."

"மின்சாரப் பேனலுக்கு?"

"முன்னால ஒரு மீட்டர் காலி. அங்க ஒரு துரும்பு வைக்கக் கூடாது. விதி."

துளசிமணி தலையாட்டினார். சாக்பீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவரையும் அழைத்து, அலுவலகத்து வண்டிக் கொட்டகைக்கு நடந்தார்.

எபனேசரின் அளவுப்படியே, சிமெண்டுத் தரையில் பம்பு அறையை வரைந்தார். மூன்று தண்ணீர் கேன்கள் மூன்று பம்புகள். ஒரு அட்டைப்பெட்டி பேனல். ஒரு சுவருக்கு அப்பால், 'முக்கிய விருந்தினர் ஓய்வறை' என்று எழுதினார்.

"நீங்கதான் பம்பு ஆபரேட்டர். எட்டு மணி நேரம். அரை மணிக்கு ஒருதரம் நோட்டில எழுதணும்."

எபனேசருக்குச் சுருக்கென்றது. ஒரு காலத்தில் நானூறு பேரை வேலைநிறுத்தத்தில் உட்கார வைத்த மனுஷன். ஜன்னல் வழியே அலுவலகமே எட்டிப் பார்த்துச் சிரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டுக்குள் நுழைந்தார். தானாக வெளியே வருவதில்லை என்று முடிவு செய்தார்.

பத்து மணி. பதினொன்று. பன்னிரண்டு.

தகரக் கூரை காய்ந்தது. முழங்கால் வலித்தது. ஆனால் நோட்டில் ஒரு அரை மணிகூடத் தவறவில்லை.

ஒரு மணிக்குத் துளசிமணி இரண்டு டிபன் பாக்ஸோடு வந்தார்.

"வத்தக்குழம்பு. உங்களுக்குப் பிடிக்குமேன்னு கொண்டுவந்தேன்."

எபனேசர் வாங்கிப் பிரித்தார். முதல் கவளம் உள்ளே போனது.

துளசிமணி மெதுவாகக் கேட்டார். "எது மேல உட்கார்ந்திருக்கீங்க, அண்ணாச்சி?"

எபனேசர் குனிந்து பார்த்தார்.

காலி பெயிண்ட் வாளி. கவிழ்த்துப் போட்டிருந்தது. கொட்டகை மூலையில் கிடந்ததை எப்போது இழுத்துப் போட்டார் என்று அவருக்கே நினைவில்லை. இருபத்தாறு வருடம், போன இடத்துப் பம்பு அறையிலெல்லாம் அவர் உட்கார்ந்தது இப்படி ஒரு வாளிமேல்தான். கை அவரைக் கேட்காமலே போய் எடுத்து வந்திருக்கிறது.

வாளி இருந்தது பேனலுக்கு முன்னால், அந்த ஒரு மீட்டருக்குள்.

"இந்த வாளி உங்க படத்துல எங்க இருக்கு?"

எபனேசர் டிபன் பாக்ஸை மூடிக் கீழே வைத்தார். எழுந்தார். நாலு பக்கமும் பார்த்தார்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, விருந்தினர் ஓய்வறைச் சுவரை வெறுங்காலால் அழித்தார்.

சாக்பீஸை வாங்கி, ஆறடி தள்ளிப் புதுக் கோடு போட்டார். பம்பு அறைக்குக் கூடுதலாகக் கிடைத்த இடத்தில் ஒரு நாற்காலி வரைந்தார். ஒரு மின்விசிறி. ஒரு ஜன்னல். கொஞ்சம் யோசித்து, ஒரு கழிப்பறைக் கதவு.

"விருந்தினருக்கு இடம் குறையுதே," என்றார் துளசிமணி.

"வருஷத்துல ரெண்டு நாள் வர்றவங்கதானே. கொஞ்சம் நெருக்கி உட்காரட்டும்."

துளசிமணி வாளியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். எபனேசரின் டிபன் பாக்ஸைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.

"முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் மாத்தி வரைஞ்சு கொண்டாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

அவர் கையில் கையெழுத்துக்கான பேனாவின் மூடி திறந்திருந்தது.