மூன்று தட்டு தட்டிய குமராயி

முன்னொரு காலத்திலே, மரங்கள் வாய் மூடாமல் பேசிக்கொண்டிருந்த காலத்திலே, கோங்குமலைக் காட்டில் குமராயி என்றொரு விறகுக்காரி இருந்தாள். எதையும் நம்பமாட்டாள். குச்சியைக் கண்டால் பாம்போ என்பாள், சருகைக் கண்டால் தேளோ என்பாள். விறகுக் கட்டைத் தரையில் மூன்று தட்டு தட்டி, ஒளிந்திருப்பதெல்லாம் ஓடிய பிறகுதான் தலையில் ஏற்றுவாள். அந்தக் காட்டு விறகுக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

அவள் புருஷன் சடையன் மட்டும் தட்டமாட்டான். "என் மீசையைப் பார்த்தாலே எல்லாம் ஓடிரும்" என்பான். மீசைதான் பெரிசு. தவளை குதித்தால் அலறுவான். எனக்கு இப்படிப்பட்ட ஆட்களைக் கண்டாலே எரிச்சல். ஆனால் குமராயிக்கு அவன்மேல் உயிர்.

ஒருநாள் அவன் தட்டாமல் கட்டிய விறகுக்குள், குச்சியாக உருமாறிக் குச்சியோடு குச்சியாகப் படுத்திருந்தான் கரும்பூதன் என்ற மந்திரவாதி. கயிறு இறுகியதும் அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னையா கட்டுகிறாய்?" என்று சடையனைப் பூச்சியாக்கிவிட்டான்.

புருஷனைத் தேடி வந்த குமராயிக்குக் கரும்பூதன் ஒரு கிளையைக் காட்டினான். கிளையில் ஒரு சருகு, ஒரு குச்சி, ஒரு மஞ்சள் வரிக் குளவி.

"மூன்றும் பூச்சிதான். அதில் ஒன்று உன் புருஷன். உச்சிவெயிலுக்குள் சரியாகத் தொட்டால் அவன் உனக்கு, என் மந்திரம் எனக்கே திரும்பும். தப்பாகத் தொட்டால் நீயும் பூச்சி!"

மந்திரவாதிகளுக்கு இந்தப் பந்தயப் பைத்தியம் உண்டு.

"பயந்தாங்கொள்ளி ஒளியத்தானே செய்வான்? சருகைப் பாரம்மா, குச்சியைப் பாரம்மா" என்று இனிக்க இனிக்கச் சொன்னான்.

'இவன் எதுக்கு எனக்கு வழி சொல்றான்?' குமராயிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கிளையைத் தட்டினாள்.

முதல் தட்டு. சருகு நீலச் சிறகு விரித்து, மறுபடி மூடிச் சருகாகிவிட்டது.

இரண்டாம் தட்டு. காற்றே இல்லை, குச்சி காற்றில் ஆடுவதுபோல் ஆடியது.

மூன்றாம் தட்டு. குளவி ரீங்காரத்தோடு முகத்துக்கு நேரே பாய்ந்தது!

"தொடாதே, கொட்டிவிடும்!" என்று கத்தினான் கரும்பூதன்.

குமராயி உற்றுப் பார்த்தாள். கலைந்த குளவி கொட்டிவிட்டல்லவா மற்ற வேலை பார்க்கும்? இது பாய்கிறது, பின்வாங்குகிறது. மறுபடி பாய்கிறது, மறுபடி பின்வாங்குகிறது. கொடுக்கில்லாத ஈ, குளவி வேஷம் கட்டிக்கொண்டு மிரட்டுகிறது!

"அட பாவி மனுசா, பூச்சியான பிறகும் மீசை முறுக்கலை விடலையா?" என்று அழுதுகொண்டே அதைக் கையில் பிடித்தாள்.

மறுகணம் சடையன் நின்றான், மீசையும் கண்ணீருமாக. கரும்பூதன் வாய் திறந்தபடியே சுருங்கி, மெலிந்து, கிளையில் ஒரு குச்சிப்பூச்சியாக ஒட்டிக்கொண்டான்.

மறுநாள் சடையன் விறகுக் கட்டை முப்பது தட்டு தட்டினான்.

"போதும்யா, விறகு ஒடிஞ்சிரும்" என்றாள் குமராயி.

"எதுக்கும் இன்னொண்ணு" என்றான் அவன்.

இருவரும் நெடுநாள் சுகமாக இருந்தார்கள். கதை கேட்ட நீங்களும் சுகமாக இருங்கள். காற்றில்லாத நேரத்தில் ஆடுகிற குச்சியை மட்டும் விறகோடு கட்டிவிடாதீர்கள்.