மிக்கேலின் நூற்றெண்பத்தேழு இடங்கள்

சீடருக்கு அறுபத்தொரு வயது. குருவுக்கு முப்பத்திரண்டு.

குரு என்று சொன்னால் பெனிட்டா சிரித்துவிடுவாள். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், படகுகளின் ஜிபிஎஸ், வயர்லெஸ், கடலாழம் காட்டும் எக்கோ சவுண்டர் எல்லாம் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள் அவள். சூசைமாணிக்கம் ஒரு நாள் தன் ரேடியோவைச் சரிசெய்யக் கொண்டுவந்தார். அவள் கணினியில் ஒரு கோப்பைத் திறந்து எண் எண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரோ முப்பத்து நான்கு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். ரேடியோவை மறந்துவிட்டு அவள் பின்னால் நின்றார்.

"இது என்னம்மா?"

"ஹெக்ஸ் எடிட்டர், அண்ணாச்சி. படமோ பாட்டோ மேப்போ, எதுவா இருந்தாலும் உள்ளுக்குள்ள வெறும் எண்ணுதான். அத அப்படியே கட்டம் கட்டமாக் காட்டும். வேணும்னா ஒரு கட்டத்த மாத்தவும் செய்யலாம்."

"அப்ப இதுலயும் பிழை வருமா?"

"வரும்."

மறுநாள் அவள் கடையைத் திறக்கும் முன்பே வந்து நின்றார். அன்றிலிருந்து அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி அவளுக்குத்தான் வாய் வலித்தது.

ஒரு மாதம் கழித்துக் கேட்டார். "டீச்சர், சும்மா கிடைக்கிற ஹெக்ஸ் எடிட்டர்ல எது நல்லது?"

"எதுக்கு, அண்ணாச்சி?"

"எதுக்குன்னு என்ன? பொதுவாத்தான்."

அவள் பதில் சொல்லாமல் சால்டரிங் வைக்கப் போய்விட்டாள்.

சூசைமாணிக்கம் விடுகிற ஆள் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் எடிட்டர்கள் ஆறைத் தேடிப் பிடித்தார். நோட்டில் கோடு போட்டு, நிறம், வேகம், வசதி என்று பிரித்து மார்க் போட்டார். முதலில் வந்ததற்குத் தொண்ணூற்றிரண்டு. அதில் இல்லாத வசதியே கிடையாது. கடைசியில் வந்ததற்கு நாற்பத்தொன்று. அது வேலைக்கு நடுவே ஏதோ கேள்வி கேட்டு நிறுத்தியது. 'மனுசனை வேலை செய்ய விடாது' என்று அதன் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்தார்.

நோட்டைக் குருவிடம் காட்டினார். அவள் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள்.

"கையெழுத்து அருமையா இருக்கு, அண்ணாச்சி."

அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. ஆனாலும் மறுநாள் வந்தார்.

ஜூன் மாதம். மீன்பிடித் தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருந்தது. ஏப்ரலிலிருந்து கரையில் கிடந்த விசைப்படகுகள் எல்லாம் ஒரே நாளில் கடலுக்குப் போகும். அதுவரை நினைப்பே இல்லாதவர்களுக்கும் அந்த இரண்டு நாளில்தான் தங்கள் கருவி வேலை செய்யவில்லை என்பது தெரியவரும். கடையில் டோக்கன் கிடையாது. சுவரோரம் நான்கு நாற்காலி. உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு நேர் மேலே அலமாரியில் அவருடைய கருவி இருக்கும். ஆள் மாறாதவரை கருவியும் மாறாது.

நான்கு நாற்காலியிலும் ஆள் இருந்தபோது மிக்கேல் வந்தார். கையில் புது ஜிபிஎஸ் பெட்டி. மறு கையில் தபால்தலை அளவு ஒரு மெமரி கார்டு.

"பெனிட்டா, பழைய மெசின்ல உப்புத்தண்ணி போயிட்டு. சாகுற நேரத்துல எதையோ சேவ் பண்ணிக்கிட்டு இருந்திருக்கு. இப்ப இந்தக் கார்ட புது மெசின்ல போட்டா, இடம் எதுவுமே இல்லைன்னு சொல்லுது."

"எத்தன இடம் இருந்துச்சு, அண்ணே?"

"நூத்தி எம்பத்தேழு."

யோசிக்காமல் சொன்னார். பிள்ளைகளின் வயதைக்கூட அவர் அவ்வளவு வேகமாகச் சொல்லமாட்டார்.

"எங்கப்பா காட்டுனது முப்பது. மிச்சம் நான் இருவது வருசமாத் தேடுனது. கடலுக்கடியில எந்தப் பார்ல, எந்தப் பாறைத் திட்டுல மீன் நிக்கும், முங்குன கப்பல் எங்க கெடக்கு, எங்க வலைய எறக்குனா கிழியும், எல்லாம் அதுலதான் இருக்கு. நாளைக்கழிச்சு விடியக்காலம் எட்டுப் பேரக் கூட்டிக்கிட்டுப் போகணும். இது இல்லாமப் போனா நான் கண்ணக் கட்டிக்கிட்டுப் போற மாதிரிதான்."

"ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கக் கூடாதா, தம்பி?" என்றார் சூசைமாணிக்கம்.

மிக்கேல் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "எழுதி வச்சா அடுத்தவன் பாத்திருவாம்லா, அண்ணாச்சி. கூடப்பொறந்தவன்ட்டயே சொல்ல மாட்டோம்."

பெனிட்டா கார்டின் ஓரத்திலிருந்த குட்டிப் பூட்டைத் தள்ளி, அதில் எதுவும் எழுத முடியாதபடி செய்தாள். உள்ளே இருந்த கோப்பைக் கணினிக்கு எடுத்தாள். நான்கு நகல் போட்டாள். கார்டை மேசை இழுப்பறையில் வைத்து மூடினாள். பிறகு ஒரு நகலைச் சூசைமாணிக்கத்தின் பக்கம் தள்ளினாள்.

"இது உங்களுக்கு, அண்ணாச்சி."

"எனக்கா?"

"நீங்கதான பிழை பாக்கிற ஆளு."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய பட்டியலில் இரண்டாவதாக வந்தது, கோப்பை இணையத்தில் ஒரு தளத்துக்குள் போட்டுத் திறக்கும் எடிட்டர். பெரிய எழுத்தில் அழகாகக் காட்டும். அதைத் திறக்கப் போனார்.

"அதுக்குள்ள போட்ட கோப்பு எங்க போகும், அண்ணாச்சி?"

"தெரியாதே."

அவள் மிக்கேலைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். சூசைமாணிக்கம் அதை மூடிவிட்டுத் தொண்ணூற்றிரண்டு மார்க் வாங்கியதைத் திறந்தார்.

பெனிட்டா புது ஜிபிஎஸ்ஸில் பேருக்கு மூன்று இடங்களைப் பதிந்து அந்தக் கோப்பையும் கொடுத்தாள். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அச்சகத்தில் மூலத்தையும் அச்சுப்படியையும் வைத்துப் பார்த்ததுபோலவே, பேனாவின் மூடியைக் கட்டம் கட்டமாக நகர்த்திக்கொண்டு போனார். இருபது நிமிடம் ஆனது.

"டீச்சர், ஒம்பதாவது கட்டம். மூணு இடம் இருக்கிற கோப்புல அங்க மூணுன்னு இருக்கு. மிக்கேல் தம்பி கோப்புல சைபர்."

அவள் எழுந்து வந்து பார்த்தாள்.

"எத்தன இடம்ங்கிற எண்ணிக்கை மட்டுந்தான் போயிருக்கு. நான் தேடியிருந்தா ஒரு மணி நேரம் ஆயிருக்கும், அண்ணாச்சி."

அவருக்குக் காது மடல் சூடானது. ஓய்வு பெற்ற பிறகு யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. கீழே போகப் போக எல்லா இடமும் அப்படியே இருந்தது. வலது ஓரத்தில் ஆங்கில எழுத்தில் பெயர்கள் வரிசையாக வந்தன. லாசர் பார், கப்பல், முள்ளு, ரோஸ். மிக்கேல் குனிந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஹெக்ஸ் கட்டங்களில் பத்துப் பத்தாக அல்ல, பதினாறு பதினாறாக எண்ணும் கணக்கு; அதில் நூற்றெண்பத்தேழை BB என்று எழுதவேண்டும். அதைச் சூசைமாணிக்கம் ஒரு மாதத்தில் கற்றிருந்தார். விட்டுப்போன எழுத்தைப் பார்த்தால் அங்கே கூரை போல ஒரு குறி போட்டுச் செருகுவது முப்பத்து நான்கு வருடத்துப் பழக்கம். கை காத்திருக்கவில்லை. ஒன்பதாவது கட்டத்தில் BB என்று செருகினார். எடிட்டர் ஒன்றும் சொல்லவில்லை. சேமித்தார்.

வேறொரு கார்டில் ஏற்றிப் புது ஜிபிஎஸ்ஸில் போட்டார்கள். 'இடங்கள்: 187' என்று வந்தது. மிக்கேல் கை தட்டினார். நாற்காலிக்காரர்களும் தட்டினார்கள்.

பிறகு மேப்பைத் திறந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி இது, லாசர் பார் இமயமலையில நிக்குது?"

ஒன்று ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் கிடந்தது. இன்னொன்று ரஷ்யாவில். நூற்றெண்பத்தேழும் உலகம் முழுக்கச் சிதறியிருந்தன. நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள். மிக்கேல் சிரிக்கவில்லை.

"போச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இருபது வருடத்தை ஒரு விரலால் அழித்துவிட்டோம் என்றுதான் சூசைமாணிக்கம் நினைத்தார்.

பெனிட்டா கணினிப் பக்கம் வரவேயில்லை.

"அண்ணாச்சி, அந்த ரெண்டாவது நாற்காலியில போய் உக்காருங்க."

"ஆள் இருக்காரே, டீச்சர்."

"நுழைஞ்சு உக்காருங்க."

போனார். இரண்டாவது நாற்காலிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மூன்றுக்கு நகர்ந்தார். மூன்றிலிருந்தவர் நான்குக்குப் போனார். நான்காமவர் இடமில்லாமல் எழுந்து நின்றார்.

பெனிட்டா அலமாரியிலிருந்து நேர் நேராக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். "இந்தாங்க, உங்க வயர்லெஸ்."

"இது என்னுது இல்லம்மா. நான் குடுத்தது ஜிபிஎஸ்."

"இந்தாங்க, உங்க பேட்டரி."

"எனக்கு ஏதும்மா பேட்டரி?"

சூசைமாணிக்கத்தின் மடியில் யாருடைய ஜிபிஎஸ்ஸோ வந்து உட்கார்ந்தது. அவர் அதைப் பார்த்தார். தள்ளி நின்றவரைப் பார்த்தார்.

"நான் ஒருத்தன்தான நுழைஞ்சேன்," என்றார்.

"ஒருத்தர்தான்," என்றாள் அவள்.

சூசைமாணிக்கம் எழுந்து, நகர்ந்த மூவரையும் கையைப் பிடித்துப் பழைய நாற்காலிகளிலேயே உட்காரவைத்தார். கருவிகளை அவரவரிடம் கொடுத்தார்.

"செருகியிருக்கக் கூடாது, டீச்சர். சைபர எழுப்பிட்டு அந்த எடத்துல உக்காந்திருக்கணும். அது தெரியாம எல்லாத்தையும் ஒரு கட்டம் தள்ளிட்டேன்."

"என் இடமெல்லாம்?" என்றார் மிக்கேல்.

பெனிட்டா இழுப்பறையைத் திறந்து கார்டைக் காட்டினாள். "அதுல யாரும் கை வைக்கல, அண்ணே. கெட்டது நகல். இன்னும் மூணு நகல் இருக்கு."

மிக்கேல் மூச்சு விட்டார். சூசைமாணிக்கம் விட்ட மூச்சு அதைவிடப் பெரிது.

இரண்டாவது நகலை வைத்துக்கொண்டு அவர் ஒரு வேலை செய்தார். இணையத் தளத்தைத் தவிர மற்ற ஐந்து எடிட்டரிலும் அதே தப்பை வேண்டுமென்றே செய்து பார்த்தார். நான்கு எதுவும் சொல்லாமல் செருகிக்கொண்டன. நாற்பத்தொன்று மார்க் வாங்கியது மட்டும் நடுவில் நின்றது. 'கோப்பின் நீளம் மாறப்போகிறது. தொடரலாமா?' என்று கேட்டது.

அவர் அந்தக் கேள்வியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று பதில் சொன்னார். பிறகு நோட்டை எடுத்து, சிவப்பில் எழுதிய வரியைக் கோடு போட்டு அடித்தார்.

மூன்றாவது நகலை அதில் திறந்தார். ஒன்பதாவது கட்டத்துக்குப் போனார். சைபரின் மேலேயே BB என்று எழுதினார். அந்த ஒரு கட்டம் மட்டும் சிவப்பாக மாறியது. நீளம் மாறவில்லை. மூன்று தடவை சரிபார்த்தார். பெனிட்டாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் வேறு யாருடைய வயர்லெஸ்ஸையோ திறந்துகொண்டிருந்தாள். அவரே சேமித்தார்.

கார்டு. ஜிபிஎஸ். மேப்.

தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலில் புள்ளி புள்ளியாக இடங்கள் வந்து உட்கார்ந்தன.

மிக்கேல் ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். "கப்பல் இருக்கு. முள்ளு இருக்கு. லாசர் பார்... லாசர்ங்கிறது எங்கப்பா, அண்ணாச்சி." சூசைமாணிக்கத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

சூசைமாணிக்கத்தின் கண் மட்டும் மேப்பிலேயே இருந்தது. பழகிய கண் அது. எல்லாரும் வாழ்த்துச் சொல்லும்போதும் அது பிழை தேடும்.

"நூத்தி எம்பத்தாறுதான் கடல்ல இருக்கு," என்றார். "ஒண்ணு தரையில கெடக்கு."

கணினிக்குத் திரும்பினார். அந்த இடத்தைத் தேடிப் பிடித்தார். ரோஸ். மற்றவற்றோடு ஒப்பிட்டால் ஒரே ஒரு கட்டம்தான் வேறுபட்டது. அந்தக் கட்டத்தை மாற்றினால் அதுவும் கடலுக்குப் போய்விடும். ஒரு நொடி வேலை. விரல் விசைக்கு மேலே போய் நின்றது.

பெனிட்டாவின் கையில் சால்டரிங் கம்பி நின்றுவிட்டது.

சூசைமாணிக்கம் கையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"தம்பி, இது தரையில நிக்குது. தப்புதான?"

மிக்கேல் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தப்பில்ல, அண்ணாச்சி. ரோஸ் என் வீட்டுக்காரி. அது எங்க வீடு. முதமுதல்ல ஜிபிஎஸ் வாங்குனப்ப வீட்டு வாசல்ல நின்னு அதத்தான் பதிஞ்சேன். போனா திரும்பி வரணும்லா?"

கார்டையும் பெட்டியையும் வாங்கிக்கொண்டு அவர் படகுக்கு ஓடினார். போகும் முன் கணினியில் இருந்த நகல்களை எல்லாம் கண் முன்னால் அழிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சூசைமாணிக்கம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், அந்த வீட்டுக் கட்டத்த நான் மாத்தியிருந்தா நீளம் மாறியிருக்காது. அதனால இந்த எடிட்டரும் ஒரு கேள்வி கேட்டிருக்காது. எது கையில இருந்திருந்தாலும் நான் அதத் திருத்தியிருப்பேன்."

பெனிட்டா கம்பியை மறுபடி எடுத்தாள்.

"திருத்தலையே, அண்ணாச்சி."