மாசிலாமணிப் புலவரின் பச்சை

"தாயே, பச்சையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்" என்றார் மாசிலாமணிப் புலவர்.

முத்துவடிவம்மை எழுத்தாணியைக் கீழே வைத்தார்.

"வெயிலும் நிழலும் தோலில் உறைக்கும். அதை வைத்து வெள்ளையையும் கறுப்பையும் ஒப்பேற்றினேன். சிவப்பை நெருப்பில் தெரிந்துகொண்டேன். பச்சையை எங்கே போய்த் தொடுவேன்? பிறவிக் குருடன் அதற்குப் பொருள் சொன்னால் சபை சிரிக்கும்."



அம்மை மடத்தின் தலைவி. புலவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் புலவருக்கு அவர்தான் குரு. புலவர் வாயால் சொல்ல, அம்மை ஏட்டில் எழுத, சொற்களுக்கெல்லாம் செய்யுளில் பொருள் கூறும் நிகண்டு ஒன்று பன்னிரண்டு வருஷமாக அந்தப் பொருநை ஆற்றங்கரையில் வளர்ந்து வந்தது.

நிகண்டு பாடினவர்கள் எத்தனையோ பேர். பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதிவிட்டுப் போவார்கள். மாசிலாமணி அந்த ரகம் இல்லை. தொட்டோ, முகர்ந்தோ, தின்றோ பார்க்காத ஒரு சொல்லையும் நூலில் ஏற்றமாட்டார். 'பரம்பு' என்ற சொல்லுக்காகச் சேற்றில் இறங்கி மாட்டை ஓட்டி வயலைச் சமன்படுத்தினார். 'தேள்' என்ற சொல்லுக்காக என்ன செய்தார் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள், வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். மூன்று நாள் கை வீங்கிக் கிடந்தது. வீக்கம் வடிந்ததும் அவர் பாடிய செய்யுளைக் கேட்டவர்களுக்கும் கை கடுத்தது. அப்பேர்ப்பட்ட மனுஷன்.

புலவர் சபையில் அரங்கேற்றத்துக்கு இன்னும் ஒன்பது நாள். ஒரு சொல் விடுபட்டாலும் குறைநூல் என்று திருப்பி அனுப்பிவிடுவது அந்தச் சபையின் வழக்கம். சபைத் தலைவர் வைகுந்தக் கவிராயர் நல்லவர். புலவர் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, பச்சைக்கு ஒரு செய்யுளைத் தாமே பாடி, ஏடாக எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தார். கிளி, இலை, பாசி, மரகதம் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. நீங்களே பாடியதாக வைத்துக்கொள்ளுங்கள், வெளியே தெரியாது என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஏடு நாலு நாளாகப் புலவரின் இடுப்பில் இருந்தது. எறியவும் மனம் வரவில்லை, சேர்க்கவும் மனம் வரவில்லை.

"இன்றைக்கு எழுத்து வேண்டாம்" என்றார் அம்மை. "ஊருக்குள் போய் வாருங்கள். அந்தச் சொல்லை யார் வாயில் கேட்டாலும், எதைச் சொல்கிறார்களோ அதைத் தொட்டுவிட்டு வாருங்கள்."

"விளையாடுகிறீர்களா தாயே?"

"ஆமாம்."

புலவர் கோலை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

மடைப்பள்ளியைத் தாண்டவில்லை. உள்ளே சமையல்காரர் சுடலைமுத்து யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். குழம்பை இறக்காதே, பச்சை வாடை போகலை, இன்னும் ரெண்டு கொதி வரட்டும் என்றார்.

புலவர் அப்படியே நின்றார். பிறகு அடுப்பருகே போய், ஆவியில் முகத்தைக் கொடுத்தார்.

வாடை இருந்தது. முதல் கொதியில் மெலிந்தது. இரண்டாவது கொதியில் எங்கே போனதென்று தெரியவில்லை. ஐம்பது வருஷம் சாப்பிட்ட குழம்புதான். அவருக்கு முதுகு சிலிர்த்தது.

குயவர் தெருவில் விரித்திருந்த பானைகள் நடுவே கோல் தடுமாறியது. சாய்ந்தவர் கையை ஊன்றினார்.

"தொடாதீக புலவரய்யா, பச்சை மண்ணு. இன்னும் சூளைக்குப் போகலை" என்று பானை வனைந்த வேளார் ஓடிவந்தார்.

அதற்குள் ஐந்து விரலும் பானைக்குள் இறங்கிவிட்டன. கையை எடுத்துவிட்டுத் தடவினார். ஐந்து குழிகள். பக்கத்திலிருந்த சுட்ட பானையையும் அழுத்திப் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை. மறுபடி பச்சை மண்ணைத் தொட்டார். மறுபடி தொட்டார். வேளார் நல்ல மனுஷர், போனது ஒரு பானைதானே என்று விட்டுவிட்டார்.

பரிசல் ஓட்டும் இசக்கி வழியில் மறித்துக்கொண்டான். வீட்டில் பிள்ளை பிறந்து பத்து நாளாகிறது, சொல்லெல்லாம் தெரிந்தவர் வந்து ஒரு பேர் சொல்லவேண்டும் என்றான்.

அவன் மனைவி சொர்ணம் பிள்ளையைக் கொண்டுவந்து புலவர் கைகளில் வைத்தாள்.

"கழுத்தைத் தாங்கிக்கிடுங்கய்யா. தலை நிக்காது. பச்சைப் புள்ள."

புலவரின் விரல் மெல்ல ஊர்ந்து உச்சிக்குழியில் போய் நின்றது. அங்கே எலும்பு இல்லை. மெல்லிய தோல். அதற்கடியில் ஓர் உயிர் துடித்துக்கொண்டிருந்தது. அந்த விரலை எடுக்கவும் அவருக்குப் பயம், வைத்திருக்கவும் பயம்.

பேர் எதுவும் வாயில் வரவில்லை. பார்க்கத் தெரியாத கண்ணுக்கு அழத் தெரிந்திருந்தது.

சொர்ணம் பதறிப்போய், முகம் கழுவ வெந்நீர் எடுத்துவரட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம் தாயி. பச்சைத் தண்ணியே போதும்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. சொன்னவர் அவரேதான். செம்புக்குள் கையை விட்டு, சில்லென்ற அந்தத் தண்ணீரை வெகுநேரம் அளைந்துகொண்டிருந்தார். புலவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று இசக்கி நினைத்தான். ஆகித்தான் இருந்தது.

படித்துறை வழியாகத் திரும்பினார். அங்கே இரண்டு பெண்களுக்குள் ஒரு செம்பைப் பற்றிச் சண்டை.

"நான் எடுத்ததை இவ பார்த்தாளாம். பச்சைப் பொய்!"

புலவர் தயங்கினார். எதைச் சொல்கிறார்களோ அதைத் தொடச் சொல்லி குரு வாக்கு. பொய்யை எங்கே தொடுவது?

படியில் நின்று யோசித்தார். கை தானாக இடுப்பிலிருந்த ஏட்டுக்குப் போனது.

அந்தி சாயும் வேளையில் மடத்துக்கு வந்து, கவிராயரின் ஏட்டை அம்மையிடம் நீட்டினார். அதை அவரிடமே சேர்த்துவிட வேண்டும், என் நன்றியையும் சொல்லவேண்டும் என்றார். இதைக் கொடுத்துவிட்டால் சபையில் தமக்குத் துணை கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

அம்மை வாங்கிக்கொண்டார்.

"எழுதுங்கள் தாயே" என்றார் புலவர்.

ஒன்பதாம் நாள் சபை கூடியது. பந்தல் கொள்ளாத கூட்டம். புலவர் ஒவ்வொரு செய்யுளாகச் சொல்லிக்கொண்டே வந்து, பச்சையைத் தொட்டார். கொதியில் மறைவதைச் சொன்னார். விரலுக்கு இடம் கொடுப்பதைச் சொன்னார். நெருப்பைக் காணாத தண்ணீரைச் சொன்னார். கழுத்து நிற்காததைச் சொன்னார். கூசாமல் சொன்ன பொய்யையும் விடவில்லை. கூட்டத்தில் நின்ற சொர்ணம் பிள்ளையின் உச்சியை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

வைகுந்தக் கவிராயரின் கண் கலங்கியிருந்தது. இருந்தாலும் தலைவர் அல்லவா, கேட்கவேண்டியதைக் கேட்கத்தானே வேண்டும்.

"கையும் மூக்கும் அறிந்ததைச் சொல்லிவிட்டீர். என் ஆயுசில் இப்படிக் கேட்டதில்லை. ஆனால் இலை எங்கே? கிளி எங்கே? கண்ணுக்கு ஒன்றுமே இல்லையே. இது குறை இல்லையா?"

"குறைதான் ஐயா."

புலவர் கவிராயரின் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"அதற்காக அடுத்த ஏட்டை எழுதாமல் விட்டிருக்கிறேன்" என்றார் புலவர். "கண்ணுள்ளவர் யாராவது எழுதிச் சேர்க்கட்டும். ஐயாவே எழுதினால் என் பாக்கியம். ஒன்றே ஒன்று. இந்த நூலில் நேரில் அறியாமல் எழுதிய சொல் கிடையாது. பார்த்துவிட்டு எழுதுங்கள்."

முத்துவடிவம்மை வெற்றேட்டையும் எழுத்தாணியையும் கவிராயர் முன் வைத்தார்.

பச்சைக்கு முப்பது சொல் கவிராயருக்கு நாக்கு நுனியில் இருந்தது. எழுத்தாணியை ஏட்டில் ஊன்றினார். இலை என்று எழுத வேண்டும். எந்த இலை? மாந்தளிர் அந்த நிறமில்லை. புளிய இலை? அதற்கும் வாழை இலைக்கும் ஒரே நிறமா? கிளியை நூறு பாட்டில் பாடியிருக்கிறார். பாட்டில்தான்.

எழுத்தாணியைக் கீழே வைத்தார். எழுந்து, தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து மாசிலாமணிப் புலவரின் தோளில் போட்டார்.

"நூல் அரங்கேறிவிட்டது. ஒரு ஏடு என் பாக்கி" என்றார்.

பந்தலுக்குப் பின்னால் வாழைத்தோட்டம் இருக்கிறது அல்லவா என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். இருக்கிறது என்றார்கள்.

"நான் வர நேரமாகும்" என்று சொல்லிவிட்டு, அந்த எழுபது வயதுக் கவிராயர் வெயிலில் இறங்கித் தோட்டத்தைப் பார்க்க நடந்தார்.